முதல் மொந்தையைக் குடிக்காதவனுக்கு

மகனுக்கு,

மேலே ஒரு வரி அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன். கடிதம் என்றால் முதலில் அங்கே ஆசீர்வாதம் எழுத வேண்டும் என்று இரவுப் பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்னார். "அதுக்கு அவன் இன்னும் லாயக்காகலீங்க சாமி" என்றேன். "அப்ப இடத்தை மட்டும் விட்டு வைங்க" என்றார். விட்டு வைத்திருக்கிறேன்.

இது என் கை. ஒவ்வொரு எழுத்தும் என் கை. வாத்தியார் பக்கத்தில் இல்லை. வாசலில் வெயிலில் உட்கார்ந்து, உன் அம்மா கருப்பட்டி காய்ச்சும் அடுப்பின் புகை கண்ணில் படாத பக்கமாகத் திரும்பிக்கொண்டு எழுதுகிறேன். பாளை சீவின கை இது. சீவும்போது அழுத்தினால் பாளை கெட்டுவிடும், எழுதும்போது அழுத்தினால் காகிதம் கிழிந்துவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே கைப்பழக்கம்தான் என்று தெரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்வேன்! நேற்று ஒரு பக்கம் முடித்துவிட்டு, அதை வாய்விட்டுப் படித்தேன். நான் நினைத்தது அப்படியே காகிதத்தில் இருந்தது. உன் அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்து, "ஏனுங்க, தனியா யாருகிட்டப் பேசறீங்க?" என்று கேட்டாள். "உன் மகனைத் திட்டிட்டு இருக்கறேன்" என்றேன். "அதுக்கா இத்தன சிரிப்பு?" என்றாள்.

சிரிப்பு வராமல் என்ன செய்யும்? இதுவரை என் பேரில் உனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் மளிகைக் கடைக்காரர் எழுதியவை. நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து உன்னைத் திட்டுவேன். அவர் தலையை ஆட்டி ஆட்டி எழுதுவார். எழுத்து கூட்டிப் படிக்க வந்த பிறகு, நீ ஒருமுறை ஊருக்கு வந்தபோது சட்டைப் பையில் மறந்துவிட்டுப் போன ஒரு பழைய கடிதத்தை எடுத்துப் படித்தேன். "சோம்பேறிப் பயலே, நோம்பிக்குக்கூட வராமல் அங்கே எந்த மூட்டையைக் கட்டிக்கொண்டு அழுகிறாய்" என்று நான் சொன்ன இடத்தில், "உன் தேக சௌக்கியத்துக்கு அடிக்கடி எழுதவும்" என்று இருந்தது. கடைக்காரரிடம் போய், "ஏனுங்க இப்படிப் பண்ணுனீங்க?" என்று கேட்டேன். "பெத்த புள்ளைய அப்படி எழுதுனா மை ஒட்டாதுங்க" என்றார். மை ஒட்டுகிறது. நன்றாகவே ஒட்டுகிறது. ஆகவே நடுவில் ஆளில்லாமல் நான் உன்னைத் திட்டும் முதல் கடிதம் இது. உறையை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். தபால்காரர் படிக்கட்டும். உன் கடைக்கு வருகிறவர்கள் படிக்கட்டும். உன் மாமனாராகப் போகிற மண்டிக்காரரும் படிக்கட்டும்.

வைகாசியில் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் நம் வரப்புப் பனைகளைக் கடையின் பேருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாய். உங்களுக்கு வயதாகிவிட்டது, ஆள் வைத்து மரம் ஏறிக்கொள்கிறோம், பரம்பரைத் தொழில் விட்டுப்போகக் கூடாது என்றெல்லாம் சொல்லியிருக்கிறாய். முடியாது. ஒரு மரம்கூடக் கிடையாது. ஏன் என்று கேட்பாய். கேட்காவிட்டாலும் சொல்வேன், நான்கு தலைமுறைச் சமாச்சாரத்தை உன் வாயிலிருந்து கேட்கும் கேவலம் எனக்கு வந்திருக்கிறது.

பரம்பரை என்று எதைச் சொல்கிறாய்? மரத்தையா? மரம் ஊரெல்லாம் நிற்கிறது. பனமரத்துப்பட்டி ஏரியைச் சுற்றி நடந்தால் காலில் இடறுகிற இடத்தில் எல்லாம் பனைதான். சுண்ணாம்பு தடவாத மண் முட்டியைப் பாளையில் கட்டினால் கள், உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் புளிக்காத தெளுவு, டவுனில் சொல்கிற பதநீர். இதுவும் எல்லாருக்கும் தெரியும். நம் வீட்டுக் கள்ளைத் தேடி மட்டும் ஏன் ஆள் வந்தது? என் அப்பாரு, உனக்குப் பாட்டனுடைய தகப்பன், அவர் காலத்தில் வேண்டாதவன் ஒருவன் நம் முட்டியில் பல்லி விழுந்து செத்துக் கிடந்தது என்று கிளப்பிவிட்டான். ஒருத்தரும் வரவில்லை. அவர் யாரிடமும் சத்தியம் பண்ணவில்லை, சண்டைக்கும் போகவில்லை. முட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். ஆட்கள் கூடியிருந்த இடத்தில் இறக்கி, ஒரு மொந்தை நிறைய ஊற்றி, எல்லாரும் பார்க்கக் குடித்துவிட்டு, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். பொழுது சாய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாராம். "என்ன, இன்னும் சாகலையா?" என்று ஒருவன் கேட்டானாம். "பசிக்குது. சோறு போட்டயின்னா சாவறதைப் பத்தி யோசிக்கறேன்" என்றாராம். அன்று முட்டி காலியானது. அடுத்த நாளிலிருந்து, விற்கிற முட்டியில் முதல் மொந்தை நம்முடையது. ஊற்றுகிறவன் குடிக்க வேண்டும், எல்லாருக்கும் முன்னால் குடிக்க வேண்டும், அதே முட்டியில் குடிக்க வேண்டும். பரம்பரை என்பது இதுதான். மற்றதெல்லாம் மரம்.

என் ஐயன், உன் பாட்டன், அந்த முதல் மொந்தையால் பட்ட பாடு உனக்குத் தெரியாது. வாயெல்லாம் புண்ணாகி வெந்நீர்கூட இறங்காத நாளில், என் அம்மா தடுத்தும் கேட்காமல், கண்ணில் நீர் வழியக் குடித்திருக்கிறார். ஒரு மாரியம்மன் நோம்பி அன்று, சந்தைக் கூட்டமே வந்து நிற்கிறது. முதல் மொந்தையை வாயில் வைத்தார், துப்பினார். முட்டியைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டார். அதோடு கலந்த பானையையும் கவிழ்த்தார். கூட்டம் கத்தியது. "ஏனப்பா, மண்ணுக்கா ஊத்தற? நாங்க என்ன மனுசங்க இல்லியா?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். "மண்ணு தாங்குமுங்க. உங்க வயிறு தாங்காது" என்றார் என் ஐயன். அன்றைக்கு அவரை ஏசாத வாய் இல்லை. ஆனால் மறுநாள் அதே வாய்கள் நம் வாசலில்தான் வந்து நின்றன. கெட்ட கள்ளைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நாக்கு வேண்டும். குடிக்காத நாக்குக்கு ஒன்றும் தெரியாது. அதற்காகத்தான் அந்த வழக்கம். வீரம் காட்டுவதற்கு அல்ல.

மதுவிலக்கு என்று கள்ளுக்கடைகளை மூடிய வருஷத்தில் நான் அழவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன். அதே மரம், அதே பாளை, முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினேன், அவ்வளவுதான். தெளுவு இறக்கினேன், உன் அம்மா கருப்பட்டி காய்ச்சினாள். சாயங்காலம் நாலு பேரோடு போய் உட்கார இடமில்லாமல் இருந்தது, இரவுப் பள்ளிக்கூடம் வைத்தார்கள், அங்கே போய் உட்கார்ந்தேன். முதலில் விளக்கு வெளிச்சத்துக்குத்தான் போனேன். பிறகு எழுத்து பிடித்துக்கொண்டது. நீ அப்போது மீசை அரும்பிய வயசு. பஜனைக் கூட்டத்தார் வந்தபோது கற்பூரம் ஏற்றி, ஆயுசுக்கும் கள்ளைத் தொட மாட்டேன் என்று உன் அம்மா தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினாய். உன் அம்மாவுக்கு அன்று பூரிப்பு. எனக்கு அதில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. குடிக்காதவன் விற்க மாட்டான், இந்த வழக்கம் என்னோடு நிற்கும், நல்லபடியாக நிற்கட்டும் என்று நினைத்தேன். செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு வேலைக்குப் போகிறேன் என்றாய், போ என்றேன்.

இப்போது யுத்தத்துக்கு வருமானம் வேண்டும் என்றோ என்னவோ, மூடின கடைகளைத் திறக்கச் சொல்லிவிட்டார்கள். மண்டிக்காரர் ஏலத்தில் ஒரு கடையை எடுத்தார். உன்னை அதில் உட்கார வைத்தார், தன் பெண்ணையும் கொடுக்கிறேன் என்றார். பங்குனியில் கடை திறப்புக்கு என்னைக் கூப்பிட்டாய். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற கரி பஸ்ஸில் இடித்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். கடை வாசலில் ஒரு பலகை. டவுனில் நான் படித்த முதல் பலகை அதுதான். விரலை நீட்டி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். 'ஏரிக்கரைக் கள்' என்று இருந்தது. நம் கள்ளுக்கு ஜனங்கள் வாயில் வழங்கிய பேர். அதை எழுத்தில் பார்த்ததும் இன்னொரு தடவை கூட்டிப் படித்தேன். தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, இது எங்கள் பேர் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. அந்தச் சந்தோஷம் உள்ளே நுழைகிற வரைக்கும்தான். என் மரங்களில் தொங்குவது அத்தனையும் சுண்ணாம்பு முட்டி. அங்கிருந்து உன் கடைக்கு ஒரு சொட்டுக் கள்ளும் வரவில்லை. பேர் மட்டும் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருக்கிறது.

கடைக்குள் கூட்டம். நீ மேடையில் ஏறி நின்று, "எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியுமுங்க! மொத மொந்தை எங்களுது!" என்று கத்தினாய். குனிந்து ஊற்றினாய், நிமிர்ந்து குடித்தாய். சபாஷ் என்றார்கள். ஜலகண்டாபுரத்துத் தறிக்காரர் ஒருவர், நம் ஊரில் பெண் எடுத்தவர், நம் பழைய வாடிக்கை, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியே அவங்க பாட்டன் நிக்கற மாதிரி இருக்குதுங்க" என்றார். நான் உன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மீசையில் நுரை இல்லை. கள் குடிக்கிறவன் ஒரு கண்ணைச் சுருக்குவான், புறங்கையால் வாயைத் துடைப்பான். நீ உதட்டை நக்கினாய். தெளுவு குடித்தவன்தான் உதட்டை நக்குவான்.

நான் மேடைப் பக்கம் வந்து, "எனக்கும் ஊத்து" என்றேன். பெரிய பானையில் மோந்தாய். "இது இல்ல. நீ குடிச்ச முட்டி" என்றேன். உன் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கிட்டே குனிந்து, "ஐயா, அம்மாகிட்டப் பண்ணுன சத்தியம் இருக்குதுங்க. நம்ம வழக்கமும் இருக்குது. ரெண்டையும் காப்பாத்தணும்னுதான் இப்படி. ஊரு முன்னால மானத்தை வாங்கிறாதீங்க" என்றாய். மேடைக்கு அடியில் ஒரு சின்ன முட்டி, அதில் தெளுவு. கும்பலுக்கு ஒரு பானை, உனக்கு ஒரு முட்டி. நம் குடும்பத்தில் பிறந்தவனுக்கு மட்டும்தான் இப்படி ஒரு புத்தி வரும். வேறு எவனாவது என்றால் சத்தியத்தையோ வழக்கத்தையோ ஒன்றை விட்டுத் தொலைத்திருப்பான். நீ இரண்டையும் பிடித்துக்கொண்டு இரண்டையும் கெடுத்தாய்.

அப்போதுதான் மண்டிக்காரர் வந்தார். கையில் காகிதம், மைப்பெட்டி. "என்னங்க பெரியவரே, அப்பனும் மகனும் ரகசியம்? மரத்துக்கு ஒரு ரேகை வெச்சுட்டீங்கன்னா நல்ல நேரத்துல முடிஞ்சிரும்" என்றார். "எனக்கு எழுதத் தெரியுமுங்க" என்றேன். "அடேயப்பா! அப்ப எழுதித்தான் காட்டுங்களேன்" என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சிரித்தார். "எழுதறேனுங்க. இங்க இல்ல. ஊட்டுக்குப் போயி நிதானமா எழுதறேன்" என்றேன். இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன். படித்துக் காட்டு அவருக்கு.

பெரிய பானையில் நீ மோந்து கொடுத்த மொந்தையை நான் குடித்தேன். நேற்றையதும் அதற்கு முந்தினதும் இன்றையதோடு கலந்திருந்தது. தண்ணீர் இருந்தது. நாக்கில் ஒரு கடுப்பு இருந்தது. அது கள்ளின் கடுப்பு இல்லை, வேறு என்னவோ. அவர் ஆட்கள் என்ன போட்டார்கள் என்று உனக்குத் தெரியாது என்பதை நான் நம்புகிறேன். தெரியாது என்பதுதான் குற்றம். நீ அந்தப் பானையில் ஒரு வாய் குடித்திருந்தால் தெரிந்திருக்கும். என் ஐயன் என்றால் அங்கேயே கவிழ்த்திருப்பார். நான் கவிழ்க்கவில்லை. கல்யாணம் வருகிறதே, பெண் வீட்டார் நிற்கிறார்களே என்று பாதி மொந்தையை வைத்துவிட்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்தும் உன் அம்மாவிடம் வாயைத் திறக்கவில்லை.

சித்திரை பிறந்த பிறகு தறிக்காரர் நம் வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது, தடி ஊன்றிக்கொண்டு வந்தார். உன் கடையில் குடித்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்த அன்று வாந்தியும் பேதியுமாகப் படுத்தவர், தறியில் உட்கார முடியாமல் கிடந்திருக்கிறார். பாவில் போட்ட நூல் அப்படியே நிற்கிறதாம். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, தம்பிக்கு ஒடம்பு தேவலைங்களா?" என்றார்.

"அவனுக்கென்னங்க?" என்றேன்.

"இல்லீங்க, எங்களுக்கு முன்னால அவருதானுங்களே மொதல்ல குடிச்சாரு. ஒரு மொந்தை குடிச்ச எனக்கே இந்தக் கதி. தெனமும் மொத மொந்தை குடிக்கிறவருக்கு என்னாச்சோன்னு மனசு கேக்கலீங்க. பாத்துக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

டேய், நீ இதைப் படித்துவிட்டு ஒரு நாழிகை சும்மா உட்கார். அந்த மனிதர் உன்னைச் சந்தேகப்படவில்லை. உன்னை நினைத்துக் கவலைப்பட்டுத் தடி ஊன்றி வந்திருக்கிறார். நான் என்ன பதில் சொல்வேன்? "நல்லா இருக்கறானுங்க" என்றேன். தெளுவு இறக்கி வைத்திருந்தேன், ஒரு ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தேன். பட்டையை வாங்கினார், குடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். நம் வாசலில் நின்று, நம் கையில் வாங்கி, ஒருவர் யோசித்தது அதுதான் முதல் தடவை. நான் அந்தப் பட்டையைத் திரும்ப வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுக் கொடுத்தேன். பிறகுதான் அவர் குடித்தார்.

அவர் போன பிறகு உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ அவளுக்குப் பயந்துதானே ரெண்டு முட்டி வைத்தாய்? அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எந்தலைல கைய வெச்சுட்டு, அதை இப்படியா காப்பாத்துவான்? குடிச்சுட்டு வந்து நின்னிருந்தாக்கூட நாலு அறை அறைஞ்சுட்டு சோறு போட்டிருப்பேன்." இப்போது கருப்பட்டிப் பாகைக் கிண்டுகிறாள். கரண்டி சட்டியில் படுகிற சத்தத்திலேயே அவள் கோபம் தெரிகிறது. அந்தச் சத்தத்தை எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

கள் நல்லதா கெட்டதா என்று இந்தக் கடிதம் பேசவில்லை. அதைப் பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நீ விற்பதானால் வில். உன் அம்மா முன்னால் வந்து நின்று, அன்று ஏற்றிய கற்பூரத்தை மறுபடி ஏற்றி, சத்தியத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, தினமும் காலையில் ஜனங்களுக்கு ஊற்றுகிற அதே பானையில் முதல் மொந்தையைக் குடி. பானை கெட்டிருந்தால் மண்டிக்காரர் முகத்துக்கு எதிரே கவிழ்த்துவிடு. அப்படிச் செய்கிறவனுக்கு என் மரம் அத்தனையும் எழுதித் தருகிறேன், என் சொந்தக் கையெழுத்தில். இல்லை, சத்தியம்தான் பெரிது என்றால் பலகையைக் கழற்றிக்கொண்டு வா. இங்கே இடுப்புக் கயிறு இருக்கிறது, சுண்ணாம்பு இருக்கிறது. மரம் ஏறு, தெளுவு இறக்கு, கருப்பட்டியாக்கு. அதிலும் முதல் பட்டை உன்னுடையதுதான். எந்த வழியில் போனாலும், முதலில் ஜலகண்டாபுரத்துக்குப் போய், தறிக்காரர் முன்னால் உட்கார்ந்து, நான் குடித்தது வேறு என்று உன் வாயால் சொல்லிவிட்டுப் போ. அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்தப் பெண் வீட்டுக்குள் வந்த பிறகு அவளுக்கு ஒன்று, உனக்கு ஒன்று என்று மேடைக்கு அடியில் எதையும் வைக்காதே. அவளுக்கு நீ எதைக் கொடுத்தாலும் அதில் ஒரு வாய் முதலில் நீ குடி. கசந்தால் உனக்கு முதலில் தெரியட்டும். அவள் அப்பன் செய்கிற காரியத்துக்கு அவள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவளுக்காக ஒரு சுளகு நிறையக் கருப்பட்டி எடுத்து வைத்திருக்கிறாள் உன் அம்மா. கல்யாணம் எந்தப் பந்தலில் நடந்தாலும் அது அவள் கைக்கு வந்து சேரும். உன் கை வழியாக அல்ல.

நீ வராவிட்டால் என்ன செய்வேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். முட்டிக்குத் தடவுகிற சுண்ணாம்பைக் குழைத்து, பனம்பலகை ஒன்றில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தெருவில் போகிறவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பெரிய பெரிய எழுத்து. 'இந்தக் கடைக்காரன் உங்களுக்கு ஊற்றும் பானையில் குடிப்பதில்லை' என்று வர வேண்டும். முடிந்ததும் கரி பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து, உன் கடைப் பலகைக்கு எதிரே பிடித்துக்கொண்டு நிற்பேன். கல்யாண நாளாக இருந்தாலும் நிற்பேன். மண்டிக்காரர் சிரிக்கட்டும், எழுதிக் காட்டச் சொன்னவர் அவர்தானே. வாத்தியார் நேற்றுப் பார்த்துவிட்டு, எழுத்து குண்டு குண்டாக அழகாக வந்திருக்கிறது என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. உன்னைக் கேவலப்படுத்த எழுதுகிற பலகை இவ்வளவு அழகாக வந்திருக்க வேண்டாம்.

இன்றோடு 'இந்தக் கடைக்காரன்' வரைக்கும் எழுதியாகிவிட்டது. ஒரு எழுத்து காய்ந்த பிறகுதான் அடுத்த எழுத்தைத் தொடுகிறேன். நான் மெதுவாக எழுதுகிறவன். உனக்கு நான் கொடுக்கிற தவணை அது ஒன்றுதான்.

உன் அப்பன்
(என் கையெழுத்து)